சிக்லார் கிளப் வரலாறும் ஒரு மீசையும்

வல்லத்திராக்கோட்டை
10.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

செவந்தி எழுதுவது. நலமா என்று கேட்கமாட்டேன். தேவிப்ரியா போனுக்கு வந்த போட்டோவில் பார்த்தேன். வெளுத்துப் பளபளவென்றுதான் இருக்கிறீர்கள்.

ஏன் போனை வாங்கமாட்டேன் என்கிறாள் என்று மகளிடம் கேட்டீர்களாம். போனில் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அடுப்படிக்குப் போன பிறகுதான், நாம் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன என்று யோசனை வரும். காகிதத்தில் அந்த வேலை நடக்காது. இன்றைக்கு எழுதியதை நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் இனித் தபாலில்தான் பேச்சு. என் நாலாம் வகுப்பு எழுத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அங்கேயே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள்.

கறம்பக்குடிக்காரர்கள் வந்து நம் மகளுக்குப் பூ வைத்துவிட்டுப் போனது சித்திரையில். கல்யாணம் தையில் என்று பேசும்போது போனில் நீங்களும்தான் இருந்தீர்கள். போன மாதம் திடீரென்று, "தை வேணாம் செவந்தி, அடுத்த ஆவணிக்குத் தள்ளிருவோம்" என்கிறீர்கள். ஏன் என்றால் ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை சந்தோஷ் தங்கமான பிள்ளை. அவன் அம்மா பரிமளா தங்கம் இல்லை. காரணம் இல்லாமல் தேதியைத் தள்ளினால் அந்தம்மா தானே ஒரு காரணம் தயார் பண்ணி ஊர் முழுக்கக் கொடுத்துவிடும்.

இப்போது போட்டோ. தலையில் தொப்பி. சரி, குளிர் என்று வைத்துக்கொள்வோம், ஆடி மாதத்தில் என்ன குளிரோ. மீசை எங்கே? கல்யாணமான நாளிலிருந்து உங்கள் மேல்உதட்டை நான் பார்த்ததில்லை. உங்கள் அப்பா செத்தபோது ஒரே ஒரு தரம் எடுத்தீர்கள், அப்போதும் அது வளர்கிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் திரிந்தீர்கள். இப்போது வெள்ளைக்காரர்கள் நடுவில் கூசாமல் நிற்கிறீர்கள். பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பொம்பளை உங்கள் தோளில் கை வைத்திருக்கிறாள்.

மீசை எடுக்கச் சொன்னது யார், அவள் யார். இந்த ரெண்டுக்கும் பதில் எழுதுங்கள். மற்றதை நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

செவந்தி


டோல்னிக், செர்பியா
31.8.2025

அன்புள்ள செவந்திக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன். நீ சொன்னபடி இங்கேயே முடித்துக்கொண்டேன்.

கல்யாணத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை, தள்ளத்தான் சொன்னேன். தை மாதம் இங்கே பாஸ்கட்பால் ஆட்டங்கள் மும்முரமாக நடக்கிற நேரம். ஆடுகிறவர்கள் விழுந்தால் தரையில் வியர்வை நிற்கும். அதை ஓடிப்போய்த் துடைக்கிறது நான்தான். துடைக்காவிட்டால் அடுத்தவன் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்வான். லீவு கேட்பது கஷ்டம்.

அந்தப் போட்டோ கிளப்பின் எழுபதாம் ஆண்டு விழாவில் எடுத்தது. நான் வேலை செய்கிற இடத்தைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்டதில்லை. 1955-ல் இந்த ஊர்ச் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் இது. சிக்லார் என்றால் இவர்கள் பாஷையில் செங்கல் அறுக்கிறவன். தளம் போடக் காசில்லாமல், உடைந்த செங்கல்லை இடித்துப் பரப்பி அதன்மேல் ஆடினார்களாம். மழை பெய்தால் ஆட்டக்காரர்களே உருளையை இழுத்துச் சமப்படுத்துவார்களாம். விழுந்து எழுந்தவன் முட்டியெல்லாம் செங்கல் நிறம். இன்றைக்கும் பனியன் அந்த நிறம்தான். பிறகு ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சும்மா வந்து வேலை செய்து இப்போது இருக்கிற மண்டபத்தைக் கட்டினார்கள். செங்கல் நம் பக்கத்துச் செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. பூச்சு கிடையாது. பார்க்க நன்றாக இருக்கும்.

மீசை விஷயம். 1984-ல் கிளப் கோப்பை ஜெயித்தபோது ஆட்டக்காரர்கள் எல்லோரும் மீசையை எடுத்தார்களாம். அந்த ஞாபகமாக விழாவுக்கு நானும் எடுத்தேன். பக்கத்தில் நிற்பது வெஸ்னா என்கிற அம்மா. கிளப்புக்கு வேண்டியவர்கள். அவ்வளவுதான்.

தேவிப்ரியாவைக் கேட்டதாகச் சொல்.

அய்யாக்கண்ணு


வல்லத்திராக்கோட்டை
21.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் கேட்டது ரெண்டு. நீங்கள் எழுதியது ஒரு பக்கம், அதில் முக்கால் பக்கம் செங்கல். கேள்வி கேட்டால் வரலாறு சொல்கிற பழக்கம் உங்களுக்கு எப்போது வந்தது? பெண் பார்க்க வந்தபோது, "என்ன வேலை பாக்குறீங்க" என்று எங்கப்பா கேட்டதற்கு, "ஏதோ" என்று ஒரு வார்த்தை சொன்ன ஆள்தானே நீங்கள்?

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் மீசை இருக்கிறவர்கள் நிறைய. தாடியும் வைத்திருக்கிறார்கள். கோப்பையின் ஞாபகம் உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது? அங்கே போன புதிதில் போனில் நீங்களே சொன்னீர்கள்: "இந்தக் கிளப்பு இத்தன வருசத்துல ஒரு கோப்பையும் செயிச்சதில்ல செவந்தி, அதுல இவங்களுக்கு ஒரு பெருமை வேற." ஜெயிக்காத கோப்பைக்கு எடுத்த மீசையா அது?

லீவு கதையும் சரியில்லை. பெற்ற மகள் கல்யாணத்துக்கு விடமாட்டேன் என்கிற முதலாளி எந்த நாட்டிலும் கிடையாது. அப்படியே இருந்தாலும், என் புருஷன் அவனிடம் கேட்டுப் பார்த்தாரா? எழுதவில்லையே.

இன்னொன்று. பங்குனியில் கோட்டைப்பட்டினம் போய், நானே கையால் பொறுக்கி நெத்திலிக் கருவாடு வாங்கி, வாசம் வெளியே வராமல் ஏழெட்டுப் பை போட்டுச் சுற்றி அனுப்பினேன். ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது என்றீர்கள். அப்போது, பாவம் மனுஷன், நாக்கு செத்துக் கிடந்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவ்வளவு கருவாட்டை ஓர் ஆள் ஒரு வாரத்தில் தின்ன முடியாது. அங்கே ரெண்டு வாய் தின்றிருக்கிறது. என் கருவாட்டைத் தின்ற அந்த இன்னொரு வாய் யாருடையது?

சண்டைக்காகக் கேட்கவில்லை. ருசி எப்படி இருந்தது என்று அந்த வாயிடம் கேட்டு எழுதுங்கள்.

செவந்தி


டோல்னிக்
12.10.2025

அன்புள்ள செவந்திக்கு,

நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

மீசை பற்றி நான் எழுதியது பொய். காரணம் வேறு. அதை நேரில்தான் சொல்ல முடியும், காகிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. கோப்பைக் கதை மட்டும் நான் இட்டுக்கட்டியது இல்லை. மிலோராட் சொன்னது. இந்த மண்டபத்தின் சாவி அவரிடம்தான். கேலரிக்கு அடியில் எனக்குக் கொடுத்த அறைக்கு அடுத்த அறை அவருடையது. அவர் கோப்பை ஜெயித்தோம் என்பார். மற்றவர்கள் ஒரு புள்ளியில் தோற்றோம் என்பார்கள். அவரே இன்னொரு நாள், நடுவர் லஞ்சம் வாங்கிவிட்டான் என்பார். கிளப் வரலாறு என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான், அதனால் முன்னுக்குப்பின் முரணாகத்தான் இருக்கும்.

கருவாடு தின்ற வாயும் அவருடையதே. போதுமா?

நான் வந்த முதல் வருஷம் முழுக்க அந்த மனுஷர் என்னைத் திருடன் என்றே நினைத்தார். நான் ஊதுபத்தி ஏற்றினால் மண்டபத்துக்குத் தீ வைக்கிறேன் என்று ஓடி வருவார். சலவைக்குப் போகிற துண்டுகளை எனக்கு முன்னாலேயே எண்ணுவார். சீட்டு ஆடினால் ஏமாற்றுவார், கண்டுபிடித்தால் கோபப்படுவார். உன் பார்சலைப் பிரித்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னை வெளியே துரத்தினார். பிறகு குழம்பு கொதிக்கிற வாசத்துக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அவரே வந்து நின்றார். அப்படித்தான் ஒரு வாரத்தில் தீர்ந்தது.

இந்த நாடு முன்னே பெரிய நாடாக இருந்து உடைந்தது உனக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் சண்டை வந்ததும், வருஷா வருஷம் இவர்கள் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு வந்த ஊர்களெல்லாம் வெளிநாடு ஆகிவிட்டன. டீமில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் அந்நியர் ஆகிவிட்டார்கள். ஆட்டம் நின்றுபோனது. ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பங்களை இந்த மண்டபத்தில்தான் படுக்க வைத்தார்கள். மிலோராட் கிழவர்தான் கயிறு கட்டிப் பழைய பனியன்களைத் தைத்துத் திரை போட்டு, குடும்பத்துக்கு ஓர் இடம் பிரித்துக் கொடுத்தாராம். எல்லாம் ஓய்ந்து ஆட்டம் திரும்பி வந்தபோது சூளை மூடிவிட்டது. ஒரு பிஸ்கட் கம்பெனி கிளப்பை எடுத்துத் தன் பேரை வைத்தது. ஊரில் ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. கம்பெனி போனதும் பழைய பேர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது ரெண்டாம் டிவிஷனில் ஆடுகிறார்கள். தோற்றாலும் ஜனம் வருகிறது.

ஆவணி வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள். என்னை நம்பு.

அய்யாக்கண்ணு


வல்லத்திராக்கோட்டை
2.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நம்பு என்று ஓர் ஆம்பளை எழுதினால் அந்த இடத்தில் விரலை வைத்துப் படிக்க வேண்டும். வைத்துப் படித்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் பரிமளா வந்தது. பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தது. "தப்பா எடுத்துக்கிறாதீங்க. தேவிப்பிரியாவோட அப்பாவுக்கு அங்கிட்டு வேற குடும்பம் ஏதும் இருக்குதா?" என்று கேட்டது. தண்ணீர் இருக்கிறதா என்கிற மாதிரி. நானும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணையே ஒழுங்காக் காப்பாத்தத் தெரியாத மனுசன் ரெண்டை வச்சு என்ன பண்ணுவாரு" என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது வாசலில் நின்று, கார்த்திகை முடிவதற்குள் தேதி உறுதியாகவில்லை என்றால் சந்தோஷுக்கு வேறு இடம் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனது. அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

தேவிப்ரியா என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. பூ வைத்த அன்றைக்குக் கட்டின சேலையை மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டது. மேலே இருந்த சேலை அது.

இப்போது நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். கிளப் என்றால் மிலோராட், மிலோராட் என்றால் கிளப் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். எழுபது வருஷ விழா போட்டோவில் அந்த மனுஷர் எங்கே? தெருவில் போகிற நாய்கூட ஓர் ஓரத்தில் நிற்கிறது. சாவி வைத்திருக்கிறவரைக் காணோம். நீங்கள் அவரை ஒளித்து வைத்திருக்கிறீர்களா, இல்லை அப்படி ஒரு கிழவரே கிடையாதா? அந்த வெஸ்னா தின்ற கருவாட்டை ஒரு கிழவர் பேரில் எழுதிவிட்டீர்களா?

நீங்கள் அடுத்து எழுதுவதை வைத்துத்தான் நான் கறம்பக்குடிக்குப் பஸ் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு. வரலாறு வேண்டாம்.

செவந்தி


டோல்னிக்
16.11.2025

அன்புள்ள செவந்திக்கு,

உன் கடிதம் சீக்கிரமே வந்துவிட்டது. எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கும்போது சாமி அறைப் பக்கம் நிற்காதே. தேவிப்ரியா கையில் கொடுக்காதே.

மிலோராட் போட்டோவில் இல்லை, ஏனென்றால் ஜூலை இரண்டாம் தேதி அவர் செத்துப்போனார். விழா அதற்குப் பிறகு.

காலையில் மண்டபத்துக் கதவு திறக்கவில்லை. அவர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். தூங்குகிற மாதிரிதான் இருந்தார். சாவிக்கொத்து தலையணைக்கு அடியில். அவருக்கு மகன் இல்லை, ஒரே மகள். அவள்தான் வெஸ்னா. வேறு ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கறுப்புச் சட்டை துக்கத்துக்குப் போட்டது. இங்கே ஒரு வருஷம் போடுவார்கள்.

ஜூலையில் ஆட்டம் கிடையாது. ஆட்டக்காரர்கள் அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் தடி ஊன்றுகிற வயசு. இங்கே பெட்டிக்கு முன்னால் செத்தவர் பேர் எழுதின மரச்சிலுவையை ஒருத்தர் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வெஸ்னா என்னிடம் வந்து, "நீ தூக்குவாயா, அப்பா உன்னோடுதான் சாப்பிட்டார்" என்றாள். நான் சரி என்று வாங்கிக்கொண்டேன். சுமக்க ஆள் இல்லை, அதற்குக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். நடு வழியில்தான் உறைத்தது. ஊரெல்லாம் பின்னால் வருகிறது, முன்னால் நான் ஒருத்தன். நம் பக்கத்தில் அப்படி முன்னால் போகிறவன் யார்? குழியில் முதல் பிடி மண்ணும் என் கையால்தான் விழுந்தது.

திரும்பி வந்தால் மண்டபத்து வாசல் மரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நம்ம ஊர்க் கண்ணீர் அஞ்சலி மாதிரியே, படம் போட்டு. துக்கப்படுகிறவர்கள் என்று வெஸ்னா பேர், அதற்கு அடுத்து என் பேர். இவர்கள் எழுத்தில் அய்யாக்கண்ணு என்று எழுத்துக்கூட்டிப் படிக்க வேறு யார் பேராக இருக்கும்? யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு அரைகுறையாக விட மனசு வரவில்லை. பதினாறாம் நாள் ஆற்றுக்குப் போய்த் தலையும் மீசையும் எடுத்து எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். வேற்றுச் சாமி கும்பிட்டவருக்கு நம்முடைய எள்ளுத் தண்ணீர் போய்ச் சேருமோ என்னவோ. கருவாடு சேர்ந்ததே.

இப்போது சொல். மகன் இடத்தில் நின்று ஒருத்தருக்குக் காரியம் செய்தவன், வருஷம் திரும்பாமல் மணமேடையில் நின்று பெண்ணைத் தாரை வார்க்கலாமா? இதை எழுதினால், கல்யாண வீட்டுக்குச் சாவுச் செய்தி அனுப்பினது போலாகிவிடும். பரிமளா காதுக்குப் போனால் சகுனம் சரியில்லை என்று எழுந்துவிடும். அதனால்தான் ஆவணி வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நீ விடவில்லை.

உனக்கு என்மேல் சந்தேகம் என்று தெரிந்தும் சும்மா இருந்தேன். சாவைவிடச் சந்தேகம் பரவாயில்லை என்று பட்டது.

அய்யாக்கண்ணு


வல்லத்திராக்கோட்டை
7.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

படித்தேன். சாமி அறைப் பக்கம் நிற்கவில்லை, மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். நீங்கள் அவருக்கு மகன் என்றால் அவர் எனக்கு மாமனார். மாமனார் செத்த தீட்டோடு நான் ஆடி வெள்ளிக்குப் பால்குடம் எடுத்திருக்கிறேன். அம்மன் என்ன நினைத்திருக்கும்? இதை ஜூலையிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பாலையாவது காய்ச்சிக் குடித்திருப்போம்.

வருஷம் திரும்பாமல் மணமேடையில் நிற்கலாமா என்று கேட்கிறீர்கள். எங்கள் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை, கொள்ளி வைத்தது எங்கப்பா. அந்த வருஷம்தான் நம் கல்யாணம். வருஷத் திதியை முன்னாடியே இழுத்துக் கொடுத்து முடித்துவிட்டு, எங்கப்பா என் கையைப் பிடித்து ஒருத்தர் கையில் கொடுத்தார். அந்த ஒருத்தர் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? பந்தியில் ரெண்டாம் தரம் பாயசம் கேட்டாரே, அவர்தான். மறந்துபோனதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எடுத்தவுடன் சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்காமல் செங்கல் கதை எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

அங்கேயும் அரை வருஷத்துக்கு ஏதோ செய்வார்கள்தானே? அது ஜனவரி ஆரம்பத்தில் வரும். அதையே வருஷத் திதியாக வைத்து எள்ளும் தண்ணீரும் கொடுத்து முடியுங்கள். இதை இன்றைக்கே தேவிப்ரியா போனில் உங்களுக்கு அனுப்பிவிடும். நான் போனுக்கு வரமாட்டேன். நான் பேசுவது நேரில்.

பரிமளாவிடம் மறைக்கவில்லை. நானே கறம்பக்குடி போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரக் கிழவனுக்கு ஒங்க வீட்டுக்காரரு மொட்டை போட்டாராக்கும்" என்று கண்ணை இடுக்கியது. நான் சொன்னதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. நீங்கள் அளந்த கோப்பைக் கதைக்கு நான் பார்த்த பார்வைதான் அது. வாய்ப்பேச்சு போதாது என்று, அங்கிருந்தே பத்திரிகை அடிக்கிற கடைக்கு நடந்துவிட்டேன், பரிமளாவையும் கூட்டிக்கொண்டு.

ஒரு பத்திரிகை இதோடு வைத்திருக்கிறேன். பெண் யாருடைய பேத்தி என்று போடுகிற இடத்தைப் பாருங்கள். உங்கள் அப்பா பேருக்குக் கீழே, டோல்னிக் தெய்வத்திரு. மிலோராட். அச்சுக் கோக்கிற ஆள் ரெண்டு தரம் படித்துவிட்டு, "டோல்னிக் எங்கனக்குள்ளம்மா, செவகங்கைப் பக்கமா?" என்றார். "ஆமா, அங்கிட்டுத்தான், கொஞ்சம் தள்ளி" என்றேன். பரிமளா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தது. பொய்க்காக யாரும் கல்யாணப் பத்திரிகையில் செத்தவர் பேரைப் போடமாட்டார்கள் என்று அதற்கும் தெரியும். பிறகு, "எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுங்க சம்பந்தி" என்றது. தை மாதம்தான். தேதி பத்திரிகையில் இருக்கிறது.

நேற்றுக் கோட்டைப்பட்டினம் போய் நெத்திலி வாங்கி வந்தேன். குழம்பு வைத்து அவர் பேர் சொல்லி இலை போட்டேன். முதல் காக்காய் வந்து மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டு, அப்புறம் திரும்பி வந்தது. அவர்தான்.

வெஸ்னாவுக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு அவளையும் கூட்டி வாருங்கள். பெண்ணுக்கு அத்தை இல்லை என்கிற குறை தீரும். நாத்தனார் என்று ஆன பிறகு அவள்மேல் சந்தேகப்பட எனக்கு உரிமை இல்லை. சண்டை போடத்தான் உரிமை. அதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பந்தியில் பத்துப் பேராவது கேட்பார்கள், யார் இந்த மிலோராட் என்று. எனக்கு அந்தச் சூளையும் பனியனும் உடைந்த நாடும் கோவையாகச் சொல்ல வராது. ஒரு கோப்பையும் ஜெயிக்காத அந்தக் கிளப் கதையை, நீங்களே வந்து முதலிலிருந்து சொல்லுங்கள். இந்தத் தரம் நடுவில் நிறுத்தமாட்டேன்.

மீசையோடு வாருங்கள்.

செவந்தி